மணமண்டபமும் ஏலமேடையும்

திருமணம் இருவருக்கிடையிலான உறவு என்பர். ஆயினும் இருவர் தம்முள் உடன்படுவதற்கு மண்டபமும் மாலையும் நானூறு கதிரைகளும் வேண்டியதில்லை. அவை வேண்டப்படுவது ஊரின் பொருட்டு. ஊரார் கூடிச் சாட்சி பகரும்போதே உறவு திருமணமாகின்றது. எந்தக் கூரையின்கீழ் அச்சாட்சியம் நிகழ்கின்றது என்பது அக்குடும்பத்தின் செல்வத்தையும், அது அடைந்துள்ள தகுதியையும், அடைய விரும்பும் தகுதியையும் ஊருக்கு அறிவிக்கும். ஆதலால் மணவிழாவுக்கு இடம் தெரிதல் என்னும் சிறிய கருமம் சமூக வரலாற்றை ஆராய்வோர்க்குப் பெரிய சான்றாகும். ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்தில் எதை எழில் என்று கொள்கின்றது, எதைக் காண மறுக்கின்றது என்பதை அச்சிறு கருமத்தில் நாம் கண்டுகொள்ளலாம்.

இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் நகரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. தென் கரோலைனா மாநிலத்தின் கரையிலே, ஆஷ்லி, கூப்பர் என்னும் இரு ஆறுகள் கடலோடு கலக்குமிடத்தில், ஒடுங்கிய குடாநாடொன்றின் நுனியில் அதன் பழைய நகர்ப்பகுதி அமைந்துள்ளது. அமெரிக்காவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மணமக்கள் இங்கு வருகின்றனர். தூண்கள் தாங்கிய வெண்ணிற மாளிகைகள், வளைந்தேறும் மாடிப்படிகள், கொடியும் மலருமாய் வளைக்கப்பட்ட இரும்பு வாயிற்கதவுகள், ஓக் மரங்களிலிருந்து நரைத்த தாடிபோல் தொங்கும் பாசி, கல் பாவிய தெருவில் மணமகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டி ஆகிய இவையனைத்தும் வாடகைக்கு உண்டு. விளம்பரங்கள் பழைய தெற்கின் எழிலையும் விருந்தோம்பலையும் புகழ்ந்து பேசுகின்றன. அந்த விருந்தில் பரிமாறியவர் யார், அந்தச் சுவரை எழுப்பியவர் யார் என்பதைப் பற்றி அவை பேசுவதில்லை.

பேசாது விடப்பட்டதைப் பேசுவதே வரலாற்றின் கடமை.

*

1670இல் ஆங்கிலேயரால் நிறுவப்பட்ட இக்குடியேற்றம், 1680இல் இன்றைய குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தது. முதற்குடியேறிகளுட் பலர் பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தோர். அடிமை முறையைத் தம்முடன் கொண்டுவந்தனர். கரையோரச் சதுப்பு நிலத்தில் அவர்களுக்குச் செல்வம் தந்த பயிர் நெல். நம்மவருக்கு நெல் வயல் புதிதன்று. ஆனால் அங்கு நெல் வயல் எவ்வாறு உருவாயிற்று என்பது அறியத்தக்கது. கடல்வற்றும் பெருக்கும் ஆற்றுநீரை ஏற்றி இறக்கும் தன்மையைப் பயன்படுத்தி, காட்டை வெட்டி, மைல் கணக்கில் மண் அணைகளை எழுப்பி, மதகுகள் அமைத்து நெல் விளைவித்தவர்கள் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். அவர்களுட் பலர் நெற்செய்கை மரபுடைய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்தம் உடலுழைப்பு மட்டுமன்றி, அவர்தம் அறிவும் கவர்ந்துகொள்ளப்பட்டது. 1708 அளவிலேயே இக்குடியேற்றத்தில் வெள்ளையரினும் கறுப்பு மக்கள் மிகுதியாயினர். 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே பிறந்த சட்டம் அவர்கள் கூட்டங்கூடுவதையும் எழுதக் கற்பதையும் தடைசெய்தது.

வட அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க அடிமைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் சார்ள்ஸ்டன் துறைமுகத்தினூடாகவே வந்தனர் என்பது பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. 1808 சனவரி முதலாந் திகதி அடிமை இறக்குமதி நாடெங்கும் சட்டவிரோதமாகவிருந்தது. அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளில் வணிகர்கள் வெறிகொண்டாற்போல் கப்பல்களை அனுப்பினர். முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் அக்குறுகிய காலத்தில் இங்கு இறக்கப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் இறங்கிய துறை கட்ஸ்டனின் துறைமேடை எனப்பட்டது.

நகரத்து மாளிகைக்கும் நாட்டுப்புற நெல் வயலுக்கும் உள்ள தொடர்பை இங்கு நாம் தெளிந்துகொள்ள வேண்டும். கோடைகாலத்தில் சதுப்பு நிலங்களில் மலேரியாக் காய்ச்சல் பரவும். அக்காலத்தில் தோட்ட முதலாளி தன் குடும்பத்தோடு கடற்காற்று வீசும் நகருக்கு வந்துவிடுவான். வயலில் முழங்கால் நீரில் நின்றவர்கள் அங்கேயே நின்றனர். முதலாளி வந்து தங்கவும் விருந்து வைக்கவும் மகளுக்கு மணம் பேசவும் எழுந்தவையே நாம் இன்று வியக்கும் நகரத்து மாளிகைகள். மாளிகை வேறு, வயல் வேறு அல்ல. ஒரே சுரண்டலின் முன்வாசலும் பின்வாசலுமே அவை. தோட்டத்தில் மணம் செய்வது தகாது, நகரத்து மாளிகையில் செய்யலாம் என்று இன்று கருதுவோர் இவ்வுறவை அறியாதோராவர்.

*

கிழக்குக் குடாத் தெருவும் புரோட் தெருவும் சந்திக்குமிடத்தில் ஒரு கம்பீரமான கட்டிடம் நிற்கின்றது. 1767க்கும் 1771க்கும் இடையில் கட்டப்பட்ட இந்தப் பழைய வர்த்தக மாளிகை அமெரிக்க விடுதலை வரலாற்றில் புகழ்பெற்றது. இங்கேதான் 1788 மே மாதம் தென் கரோலைனா அமெரிக்க அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. 1791இல் இங்கு வந்த ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு இதன் மேன்மாடப் பெருமண்டபத்தில் நடனமும் விருந்தும் அளிக்கப்பட்டன. இன்று அரும்பொருளகமாக விளங்கும் இக்கட்டிடத்தின் பெருமண்டபம் மணவிழாக்களுக்கும் வழங்கப்படுகின்றது.

இதே கட்டிடத்தின் வடக்குச் சுவரோரத் திறந்த வெளியில் பல தசாப்தங்களாக மனிதர் ஏலத்தில் விற்கப்பட்டனர். மேலே சுதந்திரத்தின் சாசனத்தை ஏற்றுக்கொண்டனர். கீழே சுவரோரம் மனிதரை விலை கூறினர். கப்பற் பொருள், காணி, வீட்டுத் தளபாடம் ஆகியவற்றோடு ஒன்றாகவே மனிதரும் ஏலப் பட்டியலில் இடம்பெற்றனர். 1856இல் நகர சபை தெருவோர ஏலத்தைத் தடைசெய்தது. அதன் காரணம் அறம் அன்று. தெரு நெருக்கடியும், வெளியூரார் கண்முன் இவ்வியாபாரம் நடப்பதால் நேரும் அவப்பெயருமே அதன் காரணம். வியாபாரம் நிற்கவில்லை, உள்ளே சென்றது. அண்மையிலுள்ள சால்மர்ஸ் தெருவில் ரையன் என்பவரின் ஏலக்கூடம் எழுந்தது. விற்பனைக்குக் காத்திருப்போரை அடைத்து வைக்க ஒரு சிறைக்கட்டிடம், ஒரு சமையற்கட்டு, இறந்தோரை இடுவதற்கு ஓர் அறை ஆகியன அதனைச் சூழ இருந்தன. 1863 வரை அங்கு ஏலம் நடந்தது. எஞ்சிய பகுதி 2007 தொடக்கம் நகரின் அரும்பொருளகமாக உள்ளது.

ஏலத்தில் விற்கப்பட்டது தனிமனிதர் மட்டுமன்று. கணவனிடமிருந்து மனைவி, தாயிடமிருந்து பிள்ளை எனக் குடும்பமே துண்டு துண்டாக விற்கப்பட்டது. மணவிழா மண்டபத்தின் வரலாற்றை எழுதுவோன் கேட்க வேண்டிய மையக் கேள்வி இங்கேதான் எழுகின்றது. இம்மாளிகைகளைக் கட்டியவர்களும் துடைத்தவர்களும் காத்தவர்களும் தாம் மணம் செய்துகொண்டார்களா?

செய்துகொண்டார்கள், சட்டம் அதனை ஏற்கவில்லை. திருமணம் ஓர் ஒப்பந்தம், அடிமை உடைமைப் பொருள், பொருள் ஒப்பந்தம் செய்ய இயலாது என்பது அச்சட்டத்தின் தருக்கம். ஆகவே அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட வலு ஏதுமில்லை. கணவன் மனைவியைக் காக்கும் உரிமையற்றவன். பிள்ளை பிறந்தால் அது தாயின் எசமானனுக்குச் சொந்தம். எசமானனின் அனுமதியோடு, இரவில், வேலை முடிந்தபின், குடிசை முற்றத்தில் கூடி, நிலத்தில் கிடத்திய துடைப்பத்தைத் தாண்டி அவர்கள் தம்மைக் கணவன் மனைவியென ஊரறிய அறிவித்துக்கொண்ட வழக்கம் தெற்கின் பல பகுதிகளிலும் இருந்தது. போதகர் மணம் செய்துவைக்கும்போது, மரணம் பிரிக்கும் வரை என்னும் உறுதிமொழியை அப்படியே சொல்ல அஞ்சினர். மரணமோ தூரமோ பிரிக்கும் வரை என்று மாற்றிச் சொல்வோர் இருந்தனர். தூரம் என்ற சொல்லில் ஏலமேடை மறைந்திருந்தது.

திருச்சபையும் இச்சிக்கலை எதிர்கொண்டது. தென் கரோலைனாவையும் ஜோர்ஜியாவையும் பிரிக்கும் சவன்னா ஆற்றுப் பகுதியின் பப்டிஸ்த போதகர் சங்கம் 1835இல் ஒரு வினாவுக்கு விடை கூறியது. விற்பனையால் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்ட அடிமை மறுமணம் செய்யலாமா என்பது வினா. செய்யலாம், அத்தகைய பிரிவு சட்ட நோக்கில் மரணத்தால் நேர்ந்த பிரிவுக்குச் சமம் என்பது விடை. விற்ற எசமானனைக் கண்டிக்க மனமில்லாதவர்கள், விற்கப்பட்ட கணவனை இறந்தவனாக்கினர். மதம் உடைமை வர்க்கத்தின் வசதிக்கேற்ப வளைந்த வரலாற்றில் இதனிலும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு புறத்தை நோக்குவோம். எசமானர் வீட்டுத் திருமணம் அடிமைகளுக்கு எவ்வாறு விளங்கியிருக்கும்? சீதனம் என்ற சொல்லின் பாரத்தை அறிந்த நம் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். தோட்ட முதலாளிகளின் மண ஒப்பந்தங்களில் மகளுக்குக் காணியோடும் வெள்ளிப் பாத்திரங்களோடும் அடிமைகளும் பெயர் குறித்து எழுதிக் கொடுக்கப்பட்டனர். மணமகள் புகுந்த வீட்டுக்குப் புறப்படும் நாளில், அவளுக்கு எழுதப்பட்ட சிறுமி தன் தாயை விட்டுப் புறப்பட்டாள். ஒரு குடும்பம் மண்டபத்தில் உருவான அதே நாளில், இன்னொரு குடும்பம் பின்முற்றத்தில் உடைந்தது. அம்மண்டபத்தில் இன்று மாலை மாற்றுவோர் இதனையும் அறிதல் வேண்டும்.

டென்மார்க் வீசி என்னும் தச்சனின் வாழ்க்கை இவ்வுண்மையைத் தன்னுள் அடக்கியது. 1799இல் சீட்டிழுப்பில் 1,500 டொலர் பரிசு பெற்ற அவன், 600 டொலர் கொடுத்துத் தன் விடுதலையை வாங்கினான். தன் மனைவியையும் பிள்ளைகளையும் அவனால் மீட்க இயலவில்லை. அவர்கள் பிறர் உடைமையாகவே இருந்தனர். சுதந்திரமான கணவன், அடிமையான மனைவி. 1822இல் நகரிலும் சுற்றுப்புறத்திலும் அடிமைகளைத் திரட்டி எழுச்சிக்குத் திட்டமிட்டான் என அவன்மேல் குற்றஞ்சாட்டினர். அவனையும் சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவன் சார்ந்திருந்த கறுப்பின மக்களின் தேவாலயம் இடித்துத் தள்ளப்பட்டது. அத்திருச்சபையின் வழிவந்த இமானுவேல் ஆலயத்திலேயே 2015 யூன் 17ஆம் திகதி, வேதபாடம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். கடந்த காலம் இந்நகரில் கடந்து போகவில்லை.

*

மாளிகைக்குத் திரும்புவோம். 1820 அளவில் கட்டப்பட்ட ஐக்கின்–ரெட் மாளிகை நகரின் புகழ்பெற்ற வீடுகளுள் ஒன்று. இதன் உரிமையாளனான வில்லியம் ஐக்கின் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவன். ஜெஹோசி என்னும் தீவிலிருந்த அவனது நெற்றோட்டத்தில் ஏறத்தாழ எழுநூறு அடிமைகள் உழைத்தனர். மாளிகையின் பின்முற்றம் இன்றும் பெருமளவு சிதையாது உள்ளது. கீழே சமையற்கட்டும் சலவைக்கட்டும்; மேலே அடிமைகள் படுத்துறங்கிய சிறு அறைகள்; எதிரே குதிரை லாயம்; சுற்றிலும் உயர்ந்த மதில். மதில் கள்வர் உள்ளே வராதிருக்க மட்டும் எழுந்ததன்று. முன்கூடத்தின் பளிங்குப் படியும் பின்முற்றத்தின் ஏணிப்படியும் சில அடி தூரத்தில் உள்ளன. இவற்றுக்கிடையிலான தூரமே அந்தச் சமுதாயத்தின் முழு வரைபடம்.

பின்முற்றத்தைப் பாதுகாத்துக் காட்டும் வீடுகள் சிலவே. பல வீடுகளில் அடிமைகளின் குடியிருப்பு விருந்தினர் தங்கும் விடுதியாகிவிட்டது. அவ்வாறு ஆகும்போது பெயரும் மாறுகின்றது. அடிமைக் குடியிருப்பு வண்டிக் கொட்டில் ஆகின்றது. சமையற்கட்டு தோட்டக் குடில் ஆகின்றது. அடிமை பணியாள் ஆகின்றான். கட்டிடத்தைப் புதுப்பிப்பதற்கு முன் மொழியைப் புதுப்பிக்கின்றனர். மணமகளின் தோழியர் ஒப்பனை செய்துகொள்ளும் அறையில் முன்னர் யார் வாழ்ந்தார் என்று கேட்க அந்தப் பெயரில் இடமே இல்லை.

ஆனால் கல் மறப்பதில்லை. சார்ள்ஸ்டனின் பழைய செங்கற்களிற் சிலவற்றில் விரல் அடையாளங்கள் பதிந்துள்ளன. ஈரமண்ணை அச்சில் வார்த்துத் தூக்கி வெயிலில் வைத்த அடிமைகளின் விரல்கள் அவை. சிறுவரின் விரல்களும் அவற்றுள் உண்டு. பெயரேட்டில் இடம்பெறாதவர்கள் சுவரிலே கையொப்பமிட்டுச் சென்றுள்ளனர்.

புகைப்படங்களுக்குப் பின்னணியாகும் இரும்பு வாயிற்கதவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இந்நகரின் வாயில்களையும் கிராதிகளையும் நூற்றுக்கணக்கில் செய்தளித்த கொல்லர் பிலிப் சிமன்ஸ் கறுப்பினத்தவர். 1912இல் பிறந்து 2009இல் மறைந்த இவர், அடிமையாகப் பிறந்த ஒரு முதிய கொல்லரிடமே தொழில் கற்றார். உலைக்களத்தின் அறிவு அடிமைக் காலத்திலிருந்து கைமாறி வந்தது. நகரின் எழில் என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி இத்தகைய கைகளின் படைப்பு.

*

1865 பெப்ரவரியில் வடக்குப் படைகள் சார்ள்ஸ்டனுள் நுழைந்தன. முன்னணியில் வந்தவர்களுள் கறுப்பினப் போர்வீரர் இருந்தனர். அடுத்த மாதம் நகரின் கறுப்பு மக்கள் பெரும் ஊர்வலம் ஒன்றை நடத்தினர். அதில் ஒரு வண்டியில் ஏலமேடை அமைத்து, மனிதரை விலை கூறுவதுபோல் நடித்துக் காட்டினர். பின்னால் அடிமை முறையின் சவப்பெட்டியைச் சுமந்து வந்தனர். நேற்று வரை விற்கப்பட்ட தெருக்களிலேயே அவ்விற்பனைக்குச் சாவுச் சடங்கு நடத்திய அம்மக்களின் வரலாற்றுணர்வு வியக்கத்தக்கது.

விடுதலையானோர் முதலில் தேடியவற்றுள் ஒன்று காணி, மற்றொன்று குடும்பம். விற்கப்பட்ட கணவனையும் மனைவியையும் தேடிப் பலர் நூற்றுக்கணக்கான மைல் நடந்தனர். கறுப்பினத் திருச்சபைப் பத்திரிகைகளில், இன்ன ஆண்டில் இன்னாரால் விற்கப்பட்ட என் மனைவியைக் கண்டோர் அறிவிக்கவும் என்ற பொருள்பட விளம்பரங்கள் பல தசாப்தங்களாக வெளிவந்தன. பல்லாண்டு ஒன்றாக வாழ்ந்தோர் பேரன் பேத்திகளோடு வந்து தம் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டனர். திருமணப் பத்திரம் நமக்கு ஒரு காகிதம். அவர்களுக்கு அது, என்னைப் பிரித்து விற்க இயலாது என்ற பிரகடனம்.

அந்த உரிமையும் முழுமையாக வழங்கப்படவில்லை. 1865 டிசெம்பரில் தென் கரோலைனா இயற்றிய சட்டம் கறுப்பு மக்களின் திருமணத்தை ஏற்றது. அதே சட்டம் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைச் செல்லாததாக்கியது. புனரமைப்புக் காலத்தில் தளர்ந்த அத்தடை மீண்டும் இறுகி, 1895இல் மாநில அரசியலமைப்பிலேயே ஏறியது. 1967இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் நாடெங்கும் இத்தகைய தடைகளைத் தகர்த்தது. எனினும் தென் கரோலைனா அச்சொற்களைத் தன் அரசியலமைப்பிலிருந்து நீக்கியது 1998இல், மக்கள் வாக்கெடுப்பின் பின்னரே. வாக்களித்தோருள் நூற்றுக்கு 38 பேர் நீக்க வேண்டாம் என்றனர். மணமண்டபத்தைத் தெரிவதற்கு முன், யாரை மணக்கலாம் என்பதையே அரசு தெரிந்து கொடுத்த காலம் நம் வாழ்நாளுக்கு வெகு தூரத்தில் இல்லை.

*

இப்பழைய நகர்ப்பகுதி எவ்வாறு இன்றைய எழில் வடிவத்தை அடைந்தது? உள்நாட்டுப் போருக்குப்பின் நகர் வறுமையுற்றது. மாளிகைகள் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோருட் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். சேர்ச் தெருவிலிருந்த அத்தகைய குடியிருப்பொன்று, யன்னலோரத்தில் கோவா விற்றதனால் கோவா வரிசை எனப்பட்டது. டுபோஸ் ஹேவேர்ட் 1925இல் வெளியிட்ட போர்கி என்னும் நாவலும், அதன்வழி 1935இல் அரங்கேறிய இசைநாடகமும் இக்குடியிருப்பை உலகப் புகழ் பெறச் செய்தன. அக்கதை புகழ்பெற்ற காலத்திலேயே அங்கு வாழ்ந்த மனிதர் வெளியேற்றப்பட்டுக் கொண்டிருந்தனர்.

1920இல் பழைய வீடுகளைக் காக்கும் சங்கம் தோன்றியது. 1931இல் நகர சபை, பழைய வரலாற்றுப் பகுதியைச் சட்டத்தால் வரையறுத்துப் பாதுகாத்தது. அமெரிக்காவில் இவ்வகையில் இதுவே முதற்சட்டம். இதனால் விலைமதிப்பற்ற கட்டிடங்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டைக் காத்த சட்டம் குடியிருந்தோரைக் காக்கவில்லை. வீடு திருத்தப்பட்டது, வாடகை உயர்ந்தது, வாடகைக் குடும்பம் வெளியேறியது. 1980இல் நகர மக்களுள் ஏறத்தாழ அரைவாசியினர் கறுப்பினத்தவர். 2010இல் அவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. நகர எல்லை விரிந்தமையும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆயினும் பழைய குடாநாட்டின் தெருக்களில் நடப்போர்க்கு ஏனைய காரணம் விளங்காமற் போகாது. அங்கு மணவிருந்தில் தட்டேந்திப் பரிமாறுவோர், இரவில் பேருந்தேறி நகருக்கு வெளியே உள்ள தம் வீட்டுக்குச் செல்கின்றனர். அவர்களுட் சிலரின் பாட்டன் பாட்டியர் அதே தெருவில் வாழ்ந்திருப்பர்.

கிழக்குக் குடாத் தெருவின் வடபகுதியில் இன்னொரு கட்டிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சாலையாக எழுந்து, பின்னர் சுருட்டுத் தொழிற்சாலையாக மாறியது. அங்கே கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் தனித்தனித் தளங்களில் சுருட்டுச் செய்தனர். 1945 ஒக்தோபரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் ஊதிய உயர்வும் இனப்பாகுபாட்டின் முடிவும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். ஐந்து மாதம் குளிரிலும் மழையிலும் வாயிலில் நின்ற அவர்கள், ஒரு பழைய தேவாலயப் பாடலைத் தம் போராட்டத்துக்கேற்ப மாற்றிப் பாடினர். அதுவே தொழிலாளர் கல்வி நிலையம் ஒன்றின் வழியாகப் பரவி, ‘வீ ஷல் ஓவர்கம்’ என்ற பெயரில் சிவில் உரிமை இயக்கத்தின் கீதமாயிற்று. இன்று அத்தொழிற்சாலைக் கட்டிடத்திலும் மணவிழாக்களுக்கு ஒரு மண்டபம் உண்டு. செங்கற் சுவரையும் பழைய உத்தரங்களையும் விருந்தினர் வியக்கின்றனர். அச்சுவரின் வெளிப்புறத்தில் உலகம் பாடும் பாடலொன்று வடிவு பெற்றதை அவர்களுக்கு எடுத்துரைத்தால் விருந்தின் இன்பம் குறையுமா? கூடும் என்பதே எம் எண்ணம்.

*

2019 டிசெம்பரில் இவ்விடயம் அமெரிக்காவெங்கும் விவாதமாயிற்று. கலர் ஒவ் சேஞ்ச் என்னும் சிவில் உரிமை அமைப்பின் வேண்டுகோளை அடுத்து, மணவிழா ஏற்பாட்டுக்குப் பலரும் நாடும் பெரிய இணையத்தளங்கள் சில, அடிமைத் தோட்டங்களை இன்பக் கனவாகச் சித்திரிக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த முன்வந்தன. அதற்கு முந்திய ஆண்டு, 2018 யூன் 19ஆம் திகதி, சார்ள்ஸ்டன் நகர சபை அடிமை முறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஐந்து. தீர்மானம் நிறைவேறிய மண்டபமும் அடிமைகளின் உழைப்பால் எழுந்ததே. 2023 யூனில், கட்ஸ்டனின் துறைமேடை இருந்த இடத்தில் சர்வதேச ஆபிரிக்க அமெரிக்க அரும்பொருளகம் திறக்கப்பட்டது.

விவாதத்தில் எழுந்த எதிர்வாதங்களை நாம் அலட்சியம் செய்தல் ஆகாது. குருதி படியாத பழைய கட்டிடம் உலகில் எங்குள்ளது என்பர் சிலர். உண்மை, ஆனால் எல்லா இடத்திலும் குருதி உண்டு என்பது எவ்விடத்துக் குருதியையும் பேசாதிருப்பதற்கு நியாயமாகாது. மணவிழா வருமானமின்றி அடிமைக் குடிசைகளையே பாதுகாக்க இயலாது என்பர் வேறு சிலர். இதிலும் ஓரளவு உண்மை உண்டு. அவ்வாறாயின் அவ்வருமானத்தின் கணக்கு வெளிப்படட்டும். விருந்துக்கூடத்தின் திரைச்சீலைக்கு எவ்வளவு, பின்முற்றத்தின் கூரைக்கு எவ்வளவு, அங்கு உழைத்தோரின் வழித்தோன்றல்களுக்கு எவ்வளவு என்பதை ஊர் அறியட்டும். மூன்றாவது வாதம் அடிமைகளின் வழித்தோன்றல்களிடமிருந்தே வருகின்றது. எம் முன்னோருக்குத் திருமணம் மறுக்கப்பட்ட அதே மண்ணில், சட்டம் அறிய, ஊரறிய, நாம் மணம் செய்வோம் என அவர்களுட் சிலர் தெரிகின்றனர். இதனை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவே இடத்தைத் தூய இடம், தீய இடம் என வகுத்துவிட்டு அமைதியடைவது எளிய வழி. அது மணமக்களின் மனச்சான்றை ஆற்றும். காணியும் வீடும் யார் கையில் உள்ளன என்ற கேள்வியை அது தொடாது.

பழைய நகர்ப்பகுதிக்கு வடக்கே ஹம்ப்டன் பூங்கா என ஒரு பூங்கா உண்டு. முன்னர் அது தோட்ட முதலாளிகளின் குதிரைப் பந்தயத் திடல். போர்க்காலத்தில் அங்கு வடக்குப் படைக் கைதிகள் அடைக்கப்பட்டனர். 257 பேர் இறந்து அடையாளமின்றிப் புதைக்கப்பட்டனர். 1865இல் நகரின் கறுப்புத் தொழிலாளர் அவர்களை முறைப்படி மீளப் புதைத்து, வேலியமைத்து, வாயில் எழுப்பினர். மே முதலாந் திகதி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மலரேந்தி அங்கே திரண்டனர். முன்னே நடந்தோர் புதிதாகப் பள்ளி சென்ற மூவாயிரம் சிறுவர். எழுதக் கற்பதே குற்றமாயிருந்த நகரில் அவர்கள் பாடிக்கொண்டு நடந்தனர். பின்னர் ஆட்சியைக் கைப்பற்றியோர் அந்நிகழ்ச்சியை மறக்கச் செய்து, பூங்காவுக்குத் தெற்குப் படைத் தளபதி ஒருவனின் பெயரைச் சூட்டினர். 2014இல், அதே பூங்காவில் டென்மார்க் வீசிக்குச் சிலை நிறுவப்பட்டது. கையில் தச்சுக் கருவிப் பையோடு, தன் மனைவியை மீட்க இயலாத அந்தக் கணவன் இன்று அங்கே நிற்கின்றான்.

ஒரே நகரின் இத்தனை இடங்களிலும் இன்று எவரும் மணம் செய்யலாம். அந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. துடைப்பத்தைத் தாண்டியவர்களும், தூக்குமேடை ஏறியவர்களும், தொழிற்சாலை வாயிலில் நின்றவர்களும் அதனைப் பெற்றுத் தந்தனர். மணவிழாவுக்கு அழைக்கப்படாத சாட்சிகள் அவர்கள். ஆசிரியரும் மாணவருமாகிய நாம் பழைய மண்டபமொன்றினுள் நுழையும்போது, தூணின் உயரத்தை அளப்பதற்கு முன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இதனைக் கட்டியவர் யார்? அவர்கள் இதனுள் எந்த வாயிலால் வந்தனர்? அவர்களின் மக்கள் இன்று எங்கே வாழ்கின்றனர்? முதல் இரண்டு வினாக்களுக்கும் வரலாற்றாசிரியன் விடை தருவான். மூன்றாவது வினாவுக்கு விடை தரவேண்டியது வாழும் சமுதாயம்.